கடத்தல், கள்ளக்கடத்தல், கள்ளச்சந்தை, பதுக்கல்: எந்த இடத்தில் எது?

தாள்திருத்தி:

வணக்கம். மாவட்டச் செய்திகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு அன்றாடம் வரும் சிக்கல் இது. சரக்கு எதுவானாலும் குற்றம் எதுவானாலும் ‘கடத்தல்’ என்ற ஒரே சொல்தான் வந்து விழுகிறது. விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கமும் கடத்தல், புளியரை சோதனைச் சாவடியில் பிடிபட்ட ரேஷன் அரிசியும் கடத்தல், ஆற்று மணலும் கடத்தல், பள்ளி வாசலில் காணாமல் போன குழந்தையும் கடத்தல்.

‘கள்ளக்கடத்தல்’ என்று எழுதினால் மூத்தவர்கள் ‘கள்ள’வை அடித்துவிடுகிறார்கள். கடத்தல் என்றாலே கள்ளம்தானே என்பது அவர்கள் கட்சி. அது சரியா? கள்ளச்சந்தைக்கும் பதுக்கலுக்கும் கோடு எங்கே விழுகிறது? ஆங்கில அறிக்கைகளில் ‘இல்லிசிட் டிரேடு’ என்று பொத்தாம்பொதுவாக வருகிறதே, அதற்கு எதைப் போடுவது? சட்டம் தெரிந்தவர்களும் மொழி தெரிந்தவர்களும் சேர்ந்து சொன்னால் உதவியாக இருக்கும்.


சொல்வேலி:

‘கடத்தல்’ பிறப்பிலேயே குற்றச்சொல் அல்ல. ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’. ஒன்றை இங்கிருந்து அங்கே போகவைப்பது, அவ்வளவுதான். ‘பேசாமல் நாளைக் கடத்துகிறான்’ என்று இன்றும் சொல்கிறோம். பள்ளி இயற்பியலில் வெப்பக் கடத்தல், மின்கடத்தி, குறைகடத்தி எல்லாம் இதே சொல்தான். குற்றப்பொருள் வருவது முன்னால் நிற்கும் பெயரால். தங்கம், போதைப்பொருள், செம்மரம் என்று சரக்கின் பெயர் வந்துவிட்டால் ‘கள்ள’ வேண்டியதில்லை. உங்கள் மூத்தவர்கள் அந்த இடத்தில் அடிப்பது சரி. சரக்கைச் சொல்லாமல் தொழிலைச் சொல்லும்போது அடிப்பது தவறு. ‘கடத்தலில் ஈடுபட்ட கும்பல்’ என்று மொட்டையாக எழுதினால் ஆளைக் கடத்தினார்களா சரக்கைக் கடத்தினார்களா என்பது வாசகருக்குத் தெரியாது. ‘கள்ளக்கடத்தல் கும்பல்’ என்றால் ஐயமே இல்லை, ஏனென்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதைத் தமிழில் யாரும் கள்ளக்கடத்தல் என்பதில்லை.

‘கள்ள’ என்ற முன்னொட்டு இரண்டு வேலை செய்கிறது, குழப்பத்தில் பாதி அங்கேதான். கள்ளநோட்டு, கள்ளச்சாவி என்னும்போது பொருளே போலி. கள்ளச்சந்தை, கள்ளக்கடத்தல் என்னும்போது பொருள் அசல். போகிற வழிதான் சட்டத்துக்கு மறைவு. கள்ளச்சாராயம் இரண்டாம் வகை. உரிமமில்லாமல் காய்ச்சினாலும் அது சாராயம்தான். கம்பெனி லேபிளும் மூடியும் போலியாக ஒட்டி விற்பது போலி மது. மெத்தனால் கலந்தது விஷச்சாராயம். இந்த மூன்றையும் ஒன்றாக எழுதுவதை நிறுத்தியே ஆக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் ஊறல் போட்டுக் காய்ச்சி எடுப்பதல்ல, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய கரைப்பான். ‘கள்ளச்சாராயச் சாவு’ என்று எழுதியதும் வாசகர் ஏதோ ஒரு மலையடிவார அடுப்பை நினைத்துக்கொள்வார். மெத்தனால் எந்தக் கிடங்கிலிருந்து, யார் கணக்கில் வெளியே வந்தது என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

எழுத்துமுறைக்கு ஒரு குறிப்பு. ‘கடத்தல் தங்கம்’ பொருளைக் குறிக்கும், ‘தங்கக் கடத்தல்’ செயலைக் குறிக்கும். ‘தங்கக் கடத்தல் பறிமுதல்’ என்று தலைப்புகளில் பார்க்கிறேன். செயலை எப்படிப் பறிமுதல் செய்வது? மகரத்தில் முடியும் பெயர் என்றால் ம் கெட்டு வலி மிகும்: தங்கக் கடத்தல், செம்மரக் கடத்தல். அரிசி கடத்தல், மணல் கடத்தல் என்பவற்றில் ‘அரிசியைக் கடத்தல்’ என்று ஐ தொக்கி நிற்பதால் மிகாமல் எழுதுவதே வழக்கு. கள்ளக்கடத்தல், கள்ளச்சந்தை இரண்டும் பிரிக்காமல் ஒரே சொல்.


வழக்குக்கட்டு:

மொழிப் பக்கம் சொல்வேலி சொன்னதை ஏற்கிறேன். சட்டத்தில் அளவுகோல் வேறு, அதைச் சொல்கிறேன்.

1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 2(39) பிரிவு கடத்தலுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் ‘ஒளித்து’, ‘இரவில்’, ‘எல்லை தாண்டி’ எதுவும் கிடையாது. 111 அல்லது 113ஆம் பிரிவின்படி ஒரு சரக்கைப் பறிமுதலுக்கு உள்ளாக்கும் எந்தச் செயலும், செய்யாமல் விடுவதும்கூட, கடத்தல்தான். 111 இறக்குமதிக்கு, 113 ஏற்றுமதிக்கு. இதன் விளைவு பலருக்குத் தெரியாது. பட்டப்பகலில் துறைமுகத்தில் இறங்கி, முறையாக ஆவணம் தாக்கலான கன்டெய்னரில், மதிப்பையோ சரக்கின் வகையையோ தவறாகக் காட்டியிருந்தால் அது 111(எம்)இல் வரும். அங்கே ஒளிவும் இல்லை, படகும் இல்லை, காகிதத்தில் ஒரு வரிதான் பொய். பேச்சுவழக்கில் அதை வரி ஏய்ப்பு என்போம். செய்தியிலும் வரி ஏய்ப்பு என்றே எழுதலாம். ஆனால் சுங்கத்துறை அறிக்கை ‘கடத்தல்’ என்று சொன்னால் அதை மிகை என்று நினைத்துத் திருத்தாதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நீங்கள் கேட்காத ‘பறிமுதல்’. தமிழ்நாட்டுச் செய்திகளில் இரண்டு வெவ்வேறு கட்டங்களுக்கு இந்த ஒரே சொல் போகிறது. அதிகாரி சரக்கைப் பிடித்து, சாட்சிகள் முன் மகஜர் என்னும் பதிவு எழுதி வைத்துக்கொள்வது 110ஆம் பிரிவு, அது கைப்பற்றுதல் மட்டுமே. உரிமை இன்னும் அரசுக்கு மாறவில்லை. 6 மாதத்துக்குள் 124ஆம் பிரிவின்படி காரணம் கேட்கும் அறிவிப்பு போக வேண்டும். ஆணையர் எழுத்துமூலம் காரணம் காட்டி இன்னும் 6 மாதம் நீட்டலாம். போகாவிட்டால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும். அறிவிப்பு, பதில், விசாரணை, உத்தரவு எல்லாம் முடிந்த பிறகு வருவதுதான் பறிமுதல். அப்போதும் 125ஆம் பிரிவில் ஒரு தொகை கட்டி மீட்டுக்கொள்ள வழி உண்டு: தடை செய்யப்பட்ட சரக்கென்றால் அந்த வாய்ப்பைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை, மற்றதென்றால் தந்தே ஆக வேண்டும். பிடித்த அன்றே ‘பறிமுதல்’ என்று அச்சிட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்து ‘பறிமுதல் செய்த தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தது சுங்கத்துறை’ என்று எழுதும்போது, ஏதோ பேரம் நடந்ததுபோல் வாசகருக்குத் தோன்றும். அறிவிப்பு நேரத்துக்குப் போகாததுதான் காரணமாக இருக்கலாம். முதல் நாளில் ‘பிடிபட்டது’ அல்லது ‘கைப்பற்றப்பட்டது’ என்று எழுதுங்கள்.

போதைப்பொருளில் நிலைமை தலைகீழ். 1985ஆம் ஆண்டுச் சட்டம் சட்டவிரோதக் கடத்தல் என்பதற்குள் பயிரிடுதல், தயாரித்தல், வைத்திருத்தல், விற்றல், வாங்குதல், கிடங்கில் வைத்தல், ஒளித்தல், இவற்றுக்காக இடத்தை வாடகைக்கு விடுதல் வரைக்கும் அடக்குகிறது. தமிழ்க் காதுக்குக் கடத்தல் என்றால் நகர வேண்டும். பீரோவில் இருக்கும் கஞ்சா நகரவில்லை. எனவே வீட்டில் பிடிபட்டால் ‘கஞ்சா வைத்திருந்தவர் கைது’ என்பதே நேரான தமிழ். அளவையும் சேர்த்துப் போடுங்கள், அதுதான் வழக்கின் எடை. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவென்றால் ஜாமீனே குதிரைக்கொம்பு.

குழந்தை விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். பெற்றோரிடமிருந்து தூக்கிச் செல்வது ஒன்று, வேலைக்கோ பாலியல் சுரண்டலுக்கோ விற்பது இன்னொன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முன்னது 137ஆம் பிரிவு, பின்னது 143. இரண்டும் தமிழில் ‘குழந்தை கடத்தல்’ என்றே வருகிறது. பின்னதற்கு ‘குழந்தை விற்பனை’, ‘ஆள் வணிகம்’ என்று சொல்லலாம். அதில் எல்லை தாண்டுவதோ தூர ஊருக்குக் கொண்டுபோவதோ தேவையில்லை, சுரண்டல்தான் குற்றத்தின் கரு. காசு வாங்கிக்கொண்டு ஒருவரை, அவர் சம்மதத்தோடு, வேறு நாட்டுக்குள் திருட்டுத்தனமாக இறக்கிவிடுவது மூன்றாவது வகை. 2000இல் ஐக்கிய நாடுகள் ஆள் வணிகத்துக்கும் இந்த மூன்றாவது வகைக்கும் தனித்தனி நெறிமுறை கொண்டுவந்தது, ஒன்றில் பாதிக்கப்படுவது ஆள், மற்றதில் மீறப்படுவது எல்லை என்பதால்தான்.


பாக்குநீரிணை:

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கையும் சேர்த்துவிடுறன்.

எங்கட ஆக்களிட்டை ‘கடத்தல்’ எண்டு மட்டும் சொன்னால் முதலில விளங்குறது ஆளைக் கொண்டுபோனதுதான். வெள்ளை வானில வந்து ஆக்களைத் தூக்கிக்கொண்டு போறதைச் சொல்லுற ‘வெள்ளை வான் கடத்தல்’ எண்ட சொல்லோட ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கு. அதால சாமானுக்குக் ‘கள்ளக்கடத்தல்’ எண்டுதான் சொல்லவேணும். தமிழ்நாட்டில மிகை எண்டு வெட்டுற அந்தக் ‘கள்ள’ எங்களுக்குக் கட்டாயம் வேணும். இணையத்தில இரண்டு பக்கத்தாரும் ஒரே செய்தியை வாசிக்கினம் எண்டதையும் நினைவில வச்சிருங்கோ.

வழக்குக்கட்டு சொன்ன பறிமுதல் சிக்கல் இலங்கைத் தமிழில குறைவு. பிடிக்கிறது ‘கைப்பற்றல்’, உரிமை அரசுக்குப் போறது ‘அரசுடைமையாக்கல்’. ‘ஒரு தொகை மஞ்சள் கைப்பற்றப்பட்டது, நீதவான் அரசுடைமையாக்க உத்தரவிட்டார்’ எண்டு எழுதினால் இரண்டு கட்டமும் தெளிவு. தமிழ்நாட்டுப் பத்திரிகையளும் இதை எடுத்தாளலாம், நல்ல தமிழும்கூட.

மஞ்சள் எண்டோன்ன இதையும் சொல்லவேணும். 2019 டிசம்பரில இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினது. அண்டைக்கு வரைக்கும் கடைச் சாமானாக இருந்தது, அடுத்த கிழமை கள்ளக்கடத்தல் சாமான். மூட்டை அதே மூட்டை, கடல் அதே கடல். மன்னாரிலயும் கற்பிட்டியிலயும் கடற்படை மஞ்சள் மூட்டை பிடிக்கத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான். ஆனபடியால் செய்தி எழுதேக்க ‘மஞ்சள் கடத்தல்’ எண்டு விடாமல், இங்க இறக்குமதித் தடை எண்டதை ஒரு வசனத்தில சொல்லுங்கோ. இல்லாட்டி தமிழ்நாட்டு வாசகருக்கு அது பகிடி மாதிரித் தெரியும்.

கடலட்டை இதுக்கு நேர்மாறு. இந்தியாவில 2001இலயிருந்து காட்டுயிர்ச் சட்டத்தின்ர முதலாம் அட்டவணை, பிடிக்கிறதே குற்றம். இலங்கையில அனுமதிப்பத்திரம் இருந்தால் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ராமநாதபுரக் கரையில பிடிச்ச அட்டை இங்கால வந்து இலங்கை அட்டையோட கலந்தால் கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதுக்காகத்தான் அது கடல் தாண்டுது. இந்தியச் செய்தியில ‘கடலட்டை கடத்தல்’ எண்டு மட்டும் போட்டால் பிடிச்சது குற்றமில்லை, கொண்டுபோனதுதான் குற்றம் எண்டு அர்த்தப்படும்.

இன்னும் சில சொல்லுகள். வடிசாராயத்துக்கு இங்க ‘கசிப்பு’. கள்ளச்சந்தைக்குக் ‘கறுப்புச் சந்தை’ எண்ட சொல்லும் உண்டு, எழுதேக்க ‘று’தான். வங்கியை விட்டுட்டு ஆள்மூலம் காசு மாத்துறது ‘உண்டியல்’. தமிழ்நாட்டில இதை ஹவாலா எண்டால்தான் விளங்கும், உண்டியல் எண்டால் கோயில் உண்டியலை நினைப்பினம். ‘கேரள கஞ்சா’ எண்டு இலங்கைப் பொலிஸ் அறிக்கையில வாறது இந்தியாவில இருந்து கடலால வாற கஞ்சாவுக்கு நிலைச்சுப்போன பேர். கேரளாவில விளைஞ்சது எண்டதுக்கு அது அத்தாட்சி இல்லை, அப்படி மொழிமாத்திப் போடாதையுங்கோ.

கடைசியா ஒண்டு, இது முக்கியம். படகில சாமான் கொண்டுவந்ததை ‘கள்ளத்தோணி’ எண்டு தலைப்பிடாதையுங்கோ. இலங்கையில அது மலையகத் தமிழரை இழிவுபடுத்தப் பாவிச்ச வசைச்சொல். படகு எண்டாலே போதும்.


தாள்திருத்தி:

மூவருக்கும் நன்றி. கைப்பற்றல், அரசுடைமையாக்கல் பிரிப்பை உடனே நடைமுறைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ரேஷன் அரிசிதான் இன்னும் தெளியவில்லை. ஒரு வீட்டில் 40 சிப்பம் அடுக்கியிருக்கிறது, வண்டி இல்லை, எல்லை பக்கத்தில் இல்லை. அறிக்கையில் ‘கடத்துவதற்காகப் பதுக்கி வைத்திருந்த’ என்று வருகிறது. ஆனால் ஆளை உள்ளே வைப்பது கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில். மூன்று சொல்லும் ஒரே வழக்கில்!


குடோன்சாவி:

மூன்றும் மூன்று கட்டம். சங்கிலியை வரிசையாகப் பார்த்தால் விளங்கிவிடும்.

கார்டுதாரரிடம் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து, தெருத்தெருவாக டூவீலரில் வாங்குகிறார்கள். இது விற்பனை. விலையும் அளவும் அரசு கட்டுப்படுத்திய பொருளை அந்த முறைக்கு வெளியே வாங்கி விற்பதால் கள்ளச்சந்தை. அடுத்தது சேர்த்துவைப்பது. அரசுச் சாக்கைப் பிரித்து, அச்சில்லாத வெள்ளைச் சாக்கில் மாற்றி, 50 கிலோ சிப்பமாகத் தைத்து அடுக்குவார்கள். இது பதுக்கல். அந்த இடத்தில் பிரித்துப்போட்ட அரசுச் சாக்கும் தையல் மெஷினும் தராசும் கிடைத்தால் வழக்கு பலம். வெறும் அரிசி மட்டும் இருந்தால் ‘இது வெளிச்சந்தையில் வாங்கினது’ என்பார்கள், மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி நிரூபிக்க வேண்டியிருக்கும். பிறகு வண்டியில் ஏற்றி ஆலைக்கோ, பாலிஷ் போட்டு விற்கக் கேரளா, ஆந்திரா பக்கமோ அனுப்புவது கடத்தல். சென்னைப் பக்கமிருந்து கூடூர் போகும் ரயிலில் சீட்டுக்கு அடியில் சிறு மூட்டைகளாகப் போவதும் இதில்தான் சேரும். கோழித் தீவனத்துக்கும் மாவு மில்லுக்கும் உள்ளூரிலேயே போவது உண்டு. அதற்கு எல்லை தாண்ட வேண்டியதே இல்லை.

ஆகவே உங்கள் 40 சிப்பம் ‘பதுக்கல்’. 40 பெருக்கல் 50, 2,000 கிலோ, 2 டன். தலைப்பில் ‘2 டன் ரேஷன் அரிசி பதுக்கல்’ என்று போடுங்கள். ‘கடத்துவதற்காக’ என்பது போலீஸ் தரப்பு, உள்ளே போலீசார் கூற்றாக வரட்டும்.

வழக்கு பதிவாவது 1955ஆம் ஆண்டு இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்திலும், கார்டு முறையில் வழங்குவதற்கான 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆணையிலும். அரிசி தனியாக 6-ஏ பிரிவில் ஆட்சியர் அதிகாரத்தில் வரும் விசாரணைக்குப் போகும். திரும்பத் திரும்பப் பிடிபடுகிற ஆளை 1980ஆம் ஆண்டுக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கிறார்கள், உச்சவரம்பு 6 மாதம். இது தண்டனை இல்லை, தடுப்புக் காவல். ‘6 மாதம் சிறைத் தண்டனை’ என்று எழுதினால் தவறு. இதைக் குண்டர் சட்டத்தோடும் குழப்பாதீர்கள். அது 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், அதில் 12 மாதம் வரை.

பதுக்கல் பற்றி இன்னொன்று. ‘பதுக்கி வைத்திருந்த கஞ்சா’ என்பதில் தப்பில்லை, பதுக்குதல் என்றால் ஒளித்தல்தான். ஆனால் ‘பதுக்கல்காரர்’ என்று பெயராக்கினால் உணவுப்பொருளை முடக்கி விலை ஏற்றுகிற வியாபாரி என்றே பொருள். கஞ்சா வைத்திருந்தவரை அப்படி எழுத முடியாது.


வழக்குக்கட்டு:

கள்ளச்சந்தைக்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். விலைக்கோ ஒதுக்கீட்டுக்கோ ஒரு கட்டுப்பாடு இருந்தால்தான் கள்ளச்சந்தை. 2021 கொரோனா இரண்டாம் அலையில் ரெம்டெசிவிர் ஊசியைப் பெட்டியில் அச்சிட்ட விலைக்குப் பல மடங்கு மேலே விற்றது கள்ளச்சந்தை. தக்காளி கிலோ 150 ரூபாய்க்கு விற்றால் அது விலையேற்றம், வேண்டுமானால் கொள்ளை விலை என்று திட்டலாம், கள்ளச்சந்தை அல்ல.

மணலுக்கு: நடைச்சீட்டு இல்லாமல் டிப்பரில் போனால் ‘மணல் கடத்தல்’ சரி. ஆற்றிலேயே பொக்லைன் வைத்து அள்ளும்போது பிடித்தால் அது மணல் திருட்டு. சீட்டு 2 யூனிட்டுக்கு, வண்டியில் 4 யூனிட் என்றால் சீட்டே இல்லாத மாதிரி எழுதக்கூடாது; 1 யூனிட் என்பது 100 கன அடி என்பதையும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

‘இல்லிசிட் டிரேடு’க்கு யாரும் பதில் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையில் அந்தத் தொடருக்கு உற்பத்தி, அனுப்புதல், பெறுதல், வைத்திருத்தல், வினியோகம், விற்பனை, வாங்குதல் என அத்தனை கட்டத்திலும் சட்டம் தடுக்கும் எந்த நடவடிக்கையும் என்று விளக்கம் இருக்கிறது. இதற்குக் ‘கடத்தல்’ என்று போட்டால் ஒரு கட்டத்துக்குள் சுருங்கிப்போகும். சட்ட ஆவணமென்றால் ‘சட்டவிரோத வணிகம்’, கட்டுரையென்றால் ‘கள்ள வணிகம்’. ‘கள்ளச்சந்தை’ இங்கே பொருந்தாது, வரி கட்டாத சிகரெட் பெட்டி சாதாரணப் பெட்டிக்கடையில், பெரும்பாலும் குறைந்த விலைக்கே விற்கப்படுகிறது.


சொல்வேலி:

‘குருவி’யையும் இங்கேயே முடித்துவிடலாம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று அடிக்கடி பறந்து, பிறர் சரக்கைக் கூலிக்குக் கொண்டுவருகிறவருக்கு மக்கள் வைத்த பெயர். சரக்கின் சொந்தக்காரர் வேறு ஆள். எனவே ‘தங்கக் கடத்தல் மன்னன்’ என்று குருவியை எழுதுவது பொருந்தாது. டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் வாங்கிக்கொண்டு வருகிறவர் அவர். மாட்டுவது அவர், சரக்கு அனுப்பியவர் பெயர் பெரும்பாலும் செய்தியில் வருவதே இல்லை. அந்த அநீதியை நம் சொல்லும் சேர்ந்து செய்ய வேண்டாம்.

வரி கூடும்போது குருவி கூடும். 2022 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 விழுக்காட்டுக்கு ஏறி, 2024 ஜூலையில் 6 ஆக இறங்கியது. 15 இருந்தபோது ஒரு கிலோவுக்குக் கிடைத்த லாபத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே அறிவிப்பில் போனது. பழைய செய்திகளில் வரும் ‘பத்துத் தோலா பிஸ்கட்’ 116.64 கிராம். இப்போது பசையாக்கிக் கொண்டுவருகிறார்கள், அதனால் ‘தங்கப் பசை’ என்று வரும் எடை தங்கத்தின் எடை அல்ல. உருக்கிப் பிரித்த பிறகுதான் நிகர எடை தெரியும். அறிக்கையில் இரண்டு எடை இருந்தால் இரண்டையும் போடுங்கள், ஒன்றுதான் இருந்தால் அது பசையா பொன்னா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.


வழக்குக்கட்டு:

குருவி எல்லாரும் குற்றவாளி அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி கட்ட வேண்டிய சரக்கோடு வந்து சிவப்பு வழியில் நின்று, 77ஆம் பிரிவின்படி அறிவித்து, வரி கட்டிவிட்டுப் போகிறவர் கடத்தல்காரர் இல்லை. அதே சரக்கோடு, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்தால்தான் சிக்கல். தங்கத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் 123ஆம் பிரிவின்படி, கடத்தல் சரக்கு என்று நியாயமாக நம்பிக் கைப்பற்றியிருந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை வைத்திருந்தவர் தலையில். அப்போதும் உத்தரவு வரும்வரை ‘கடத்தி வந்ததாகச் சுங்கத்துறை கூறும் தங்கம்’ என்றே எழுதுங்கள்.